‘உறைந்த சுற்றுப்பாதை’யின் கடைசி அத்தியாயம்

ஜனவரி 9

தம்பிக்கு,

நேற்று நான் தொலைபேசியை வைத்தது கை தவறி அல்ல. வேண்டுமென்றேதான் வைத்தேன். அதன்பிறகு அது அடித்துக்கொண்டே இருந்ததும் எனக்குக் கேட்டது. எழுபதைத் தாண்டிய மனிதன், படப்பிடிப்பில் விளக்குப் பிடிப்பவரிடம் கத்துவது போல அக்காவிடம் கத்தினால் வேறு என்ன செய்வது? இனி இந்த விஷயத்தைக் கடிதத்தில் பேசுவோம். கடிதத்திலும் நீ கத்துவாய்; ஆனால் எனக்குக் கேட்காது.

விஷயத்தை முதலில் வரிசைப்படுத்துகிறேன். உனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. உன் அத்தான் காலமாகி, வருகிற ஏப்ரலோடு ஓராண்டு ஆகிறது. விண்வெளிப் படங்களை நாவலாக எழுதிக் கொடுப்பதுதான் அவர் கடைசிவரை செய்த தொழில். படம் வெளியாகும் அன்றே தியேட்டர் வாசலில் புத்தகமும் கிடைக்க வேண்டும். படம் ஓடும் வரை அது விற்கும். படத்தைத் தூக்கியதும் புத்தகத்தையும் தூக்கிவிடுவார்கள். அதனால் அவர் எழுதியதில் ஒன்றுகூட இன்று எந்தக் கடையிலும் இல்லை. இப்போது ஒரு பதிப்பாளர் தானாகத் தேடி வந்து, ‘உறைந்த சுற்றுப்பாதை’யை மட்டுமாவது அவர் நினைவுநாளுக்கு மறுபதிப்பாகக் கொண்டுவருகிறேன் என்கிறார். கதை நீ எடுத்த படத்தினுடையது, எழுத்து அவருடையது. ஆகவே இரண்டு கையெழுத்து வேண்டும். என்னுடையதைப் போட்டுவிட்டேன். நீ மட்டும், “கடைசி அத்தியாயத்தைத் தூக்கிவிட்டு, படத்தில் இருக்கிற முடிவை எழுதிச் சேர்த்தால்தான் போடுவேன்” என்று அடம்பிடிக்கிறாய்.

நீ போடாவிட்டால் புத்தகம் வராது. புத்தகம் வராவிட்டால் அப்படி ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார் என்பதற்கு இந்த வீட்டு அலமாரியைத் தவிரச் சாட்சி இல்லை. இது உனக்குப் புரிகிறதா?

இன்னொன்று. இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “என் படங்களைப் புத்தகமாக நகல் எடுத்துக் கொடுத்தவர் என் அத்தான்” என்றாய். நகல்! முன்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். அன்று எழுந்து போகாமல் இருந்ததற்கு என் வளர்ப்புதான் காரணம்.

அக்கா

ஜனவரி 17

அன்புள்ள மதர் சுப்பீரியர் அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. கான்வென்ட்டிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் நகத்தைச் சோதித்தாயே, அப்போது உங்கள் தலைமைக் கன்னியாஸ்திரீயை நினைத்து வைத்த பெயர். இத்தனை வயதுக்கு மேல் மாற்றிக் கூப்பிட நாக்கு வரவில்லை.

எனக்கும் வயிறு எரிகிறது அக்கா. அதை நீ கேட்கவே இல்லை. போன மாதம் ஒரு கல்லூரியில் ‘உறைந்த சுற்றுப்பாதை’யைத் திரையிட்டார்கள். விண்வெளி நிலையத்தில் இருப்பது இரண்டே பேர், விமானியும் ரேடியோக்காரியும். நிலையம் பழுதாகிவிட்டது, தப்பிக்கும் கப்பலில் ஒருவருக்குத்தான் காற்று. விமானி கிளம்புகிறான். ரேடியோக்காரி கண்ணாடி வழியே பார்க்கிறாள், கப்பல் ஒரு புள்ளியாகிறது, புள்ளியும் போகிறது, இருட்டு. படம் முடிந்தது. அந்தப் புள்ளிக்காக, பொம்மைக் கப்பலை நூலில் கட்டித் தொங்கவிட்டு நானும் கேமராமேனும் கழுத்து வலிக்க வலிக்க எடுத்தோம். என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒரு ஷாட்.

விளக்கு எரிந்ததும் ஒருவன் எழுந்தான். “சார், புத்தகத்துல விமானி கடைசியில திரும்பி வந்துடறாரே, நீங்க ஏன் சார் அவரைக் கூட்டிட்டு வரல?” உடனே கைதட்டல். என் பதிலுக்கு இல்லை அக்கா, கேள்விக்கு!

படம் வந்த நாளிலிருந்து இதே பாட்டு. கல்யாண வீட்டில் கேட்கிறார்கள். பல் டாக்டர் என் வாயில் கருவியை விட்டுக்கொண்டு கேட்கிறார். அத்தான் மேல் எனக்குப் பிரியம் இல்லை என்றா நினைக்கிறாய்? ஆனால் என் கதையின் கழுத்தைத் திருகி வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுபதிப்பு வந்தால் இந்தக் கேள்வி என் கருமாதி வரைக்கும் வரும். என் முடிவோடு வரட்டும், இரண்டு கையாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

‘நகல்’ என்று சொன்னது அழுகை வந்த நேரத்தில். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

தம்பி

ஜனவரி 22

தம்பிக்கு,

அழுகை வந்தால் வாயை மூடிக்கொண்டு அழ வேண்டும்.

உன் வயிற்றெரிச்சலைப் படித்தேன். இப்போது நகல் எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்டுக்கொள். அவர் எந்தப் படத்தையும் பார்த்துவிட்டு எழுதியதில்லை. பார்ப்பதற்குப் படமே இருக்காது, நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். திரைக்கதையும் நாலைந்து புகைப்படங்களும் வரும். மீதியை அவர்தான் உண்டாக்க வேண்டும். வால்வு திறந்தால் உள்ளே இருப்பவனுக்கு எப்படிக் கேட்கும் என்று அறிய, சாமான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் சோப்பு எடுக்கக் கதவைத் திறந்தால், “ஐயோ, காத்தெல்லாம் போச்சு!” என்பார். வளர்ந்த மனிதர்!

நீ அனுப்பிய புகைப்படத்தில் விண்வெளி உடை மஞ்சள். அவரும் மஞ்சள் என்று எழுதினார். பிறகு நீ மனம் மாறி வெள்ளி நிறம் தைத்தாய்; சொல்லி அனுப்பினாயா? வாசகர்கள் அவரைத்தான் திட்டி எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உன் திரைக்கதையில் பக்க எண்ணே இருக்காது. தாள்களைச் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பி, எது முன், எது பின் என்று அவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நாட்களில் நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவோம்.

படம் வெளியானால் தியேட்டர் பக்கமே போகமாட்டார். ஏன் என்றால், “பார்த்தா என் புத்தகம் தப்புன்னு தெரிஞ்சுடும்” என்பார். உன் படத்துக்கு நான்தான் அம்மாவோடு போய் உட்கார்ந்தேன்.

அத்தியாயம் மாறாது. ஒரு கேள்வி: கழுத்தைத் திருகிவிட்டார் என்கிறாயே, நீ அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படித்திருக்கிறாயா?

அக்கா

பிப்ரவரி 2

அக்கா,

படிக்கவில்லை. எதற்குப் படிக்க வேண்டும்? என் வீடு இடிந்ததை ஊரே வந்து சொல்லும்போது நானும் போய்ச் செங்கல்லைத் தடவிப் பார்க்கவா?

நீ படித்திருக்கிறாயா? உண்மையைச் சொல். “மனுஷங்க பூமியில இருக்கிற கதையா இருந்தா எடுத்துட்டு வா, வேற கிரகத்துக் கதையெல்லாம் என் மேஜைக்கு வேண்டாம்” என்று அத்தானிடம் நீ சொன்னது, பக்கத்து அறையில் இருந்த எனக்கே கேட்டது. பாவம், அவர் புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

ஆக, நீயும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. நல்ல குடும்பம்.

தம்பி

பிப்ரவரி 8

தம்பிக்கு,

என் ரசனை என்ன என்பது அவருக்குத் தெரியும். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததில்லை.

ஆனாலும் உன் கேள்வி நியாயமானது. வாதாடுகிறவள் ஆவணத்தைப் பார்த்திருக்க வேண்டும். இன்றிலிருந்து படிக்கிறேன். கையில் பென்சில் இருக்கிறது. அவர் எழுத்து நகல் அல்ல என்பதை வரிக்கு வரி குறித்து உனக்கு அனுப்புவேன். அதுவரை எழுதாதே.

அக்கா

பிப்ரவரி 19

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதவில்லை. ஆனால் பதிப்பாளர் தினமும் கூப்பிடுகிறார். அச்சகத்தில் இடம் பிடித்து வைத்திருக்கிறாராம்; மாதக் கடைசிக்குள் நம் முடிவு தெரியாவிட்டால் வேறு புத்தகத்தை ஏற்றிவிடுவார்களாம். அந்தக் காலத்தில் நீ தொடர்கதையை ஒரே மூச்சில் முடித்துவிட்டு எனக்குத் தராமல் ஒளித்துவைப்பாய். இது கைக்கடக்கமான புத்தகம். இன்னுமா முடியவில்லை?

தம்பி

பிப்ரவரி 21

தம்பிக்கு,

முடித்து நாலு நாள் ஆகிறது. எழுதக் கை வரவில்லை.

முதலில் பிழைகள். விமானி தலைக்கவசத்தைக் கழற்றி வைக்கிறான். அடுத்த பக்கத்தில் அதன் கண்ணாடி வழியாகப் பார்க்கிறான். ஒரே மாலையில் நிலா இரண்டு முறை உதிக்கிறது. ‘திடீரென்று’ என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் தூவியிருக்கிறார். ரேடியோக்காரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்ன வாய் அந்தப் பெண்ணுக்கு! காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது, அவளோ அவனை நிறுத்திவைத்து, பூட்ஸைக் கழற்று, கையுறையை அங்கே வைக்காதே என்று அதிகாரம் செய்கிறாள். பொறுப்பான உத்தியோகத்தில் இருப்பவள் இப்படியா நடந்துகொள்வாள்? எனக்குத் தாங்க முடியவில்லை.

சரி. வேறு விஷயத்தை எழுதித் தொலைக்கிறேன்.

கடைசி அத்தியாயத்தில் விமானி திரும்பி வருகிறான். கதவு திறக்கிறது. உள்ளே வந்து ஸ்பேனரைத் தேடுகிறான். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை நான் பார்த்திருக்கிறேன், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. உன் படத்தில் நடுவில் வருகிறது. விமானி ஒரு தடவை கிளம்பி, கப்பலைப் பிணைத்த கொக்கி கழலாமல், ஸ்பேனர் எடுக்கத் திரும்பி வருவான், எடுத்துக்கொண்டு போவான். ஒரு நிமிடம்கூட ஓடாத காட்சி. யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். நான் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அம்மா சத்தமாக, “எதையாவது மறந்து வச்சுட்டு வர்றதே இவனுக்கு வேலை, உன் தம்பி மாதிரி” என்றாள்.

நான் ஏழெட்டுத் தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். புத்தகத்தின் நடுவில் அந்தக் காட்சி இல்லை. கடைசியில் இருக்கிறது. உன் தாள்களில் எண் இல்லை. இவர் வரிசை மாற்றி அடுக்கியிருக்கிறார். சந்தேகம் வந்து உன் படப்பிடிப்புக்கு ஃபோன் செய்ததும் எனக்கு நினைவிருக்கிறது. “தம்பி, இது முன்னாடி வருமா, பின்னாடி வருமா?” என்றார். நீ உள்ளிருந்து கத்தினது இங்கே வரைக்கும் கேட்டது: “எப்படி வேணா அடுக்குங்க அத்தான், எடிட்டிங்ல பாத்துக்கலாம்!” புத்தகத்துக்கு ஏதடா எடிட்டிங்?

ஆகவே, ஊர் கைதட்டுகிற அந்த முடிவு அவர் எழுதியது அல்ல. உன்னுடையது. நீ இத்தனை காலமாக உன் காட்சியையே பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாய். நான் சொல்லாமல் இருந்திருக்கலாம், நீயாகக் கண்டுபிடித்திருக்கமாட்டாய். ஆனால் தெரிந்ததை மறைத்து வாதாட எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

நகல் என்றாய். சரி.

அக்கா

பிப்ரவரி 24

என் அருமை அக்கா!!!

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்தேன். இன்னொரு சுற்றும் நடந்தேன். என் முடிவா? என்னுடையதா? அந்தக் கல்லூரிப் பையனைத் தேடிப் பிடித்து, “டேய், அது நான்டா!” என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

அத்தியாயம் இருக்கட்டும். ஒரு எழுத்தைக்கூடத் தொடாதே. கையெழுத்து இன்றே போடுகிறேன். ஒரே ஒரு சின்ன மாற்றம்: தலைப்புப் பக்கத்தில், அத்தான் பெயருக்குக் கீழே, “இறுதிக் காட்சி: இயக்குநர்” என்று ஒரு வரி. சின்ன எழுத்தில் போதும். நியாயம்தானே?

தம்பி

பிப்ரவரி 27

தம்பிக்கு,

ஆச்சரியக்குறி ஒன்று போட்டால் போதும். மூன்று போட்டால் முட்டாள் எழுதியது போல இருக்கும்.

முந்தாநாள் வரை அந்த அத்தியாயம் உன் கதையின் கழுத்தைத் திருகியது. இன்று அதற்கு உன் பெயர் வேண்டும். முடிவு நல்லதா கெட்டதா என்பது யார் எழுதினார் என்பதைப் பொறுத்தா இருக்கிறது உனக்கு? உன்னை வளர்த்ததில் எங்கோ தவறு நடந்திருக்கிறது. அம்மா போய்விட்டாள், யாரைக் கேட்பேன்.

நியாயமா என்று கேட்டாய். நியாயம்தான். அதனால்தான் எரிச்சலாக இருக்கிறது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் படத்துக்கு எழுதினார். அதில் ஒரு அத்தியாயமாவது அவருடையது என்று நினைத்துத்தான் நான் மல்லுக்கு நின்றேன். அதுவும் இல்லை என்றால் இல்லை. உன் வரியைப் போட்டுக்கொள்.

ஒரே நிபந்தனை. பெயர் போடுகிறவன் படித்துவிட்டுப் போட வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே பிரதி. இதோடு அனுப்புகிறேன். பதிப்பாளருக்கு ஃபோன் செய்து, ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்; அவர் முனகினார், ஆனால் பொறுப்பார். சாப்பிட்டுக்கொண்டே படிக்காதே. பக்க ஓரத்தை மடக்காதே. என் பென்சில் குறிகளை அழிக்காதே. படித்த உடனே அதே தாளில் சுற்றித் திருப்பி அனுப்பு.

அக்கா

மார்ச் 5

அக்கா,

புத்தகம் பத்திரமாக இருக்கிறது. ஓரம் மடியவில்லை.

காலையில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தேன். கண் மங்குவதால் நான் எதையும் சத்தமாகத்தான் படிக்கிறேன். காட்சி என்னுடையதுதான், நீ சொன்னது சரி. கதவு என்னுடையது. ஸ்பேனர் என்னுடையது. ஆனால் அக்கா, என் திரைக்கதையில் அந்த இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? “அவன் திரும்பி வருகிறான். அவள் பேசவில்லை.” அவ்வளவுதான். அந்த நடிகைக்கு அன்று தொண்டை கட்டியிருந்ததால், எழுதும்போதே அப்படி எழுதினேன்.

இப்போது புத்தகத்தில் இருப்பதை உனக்கு எடுத்து எழுதுகிறேன். நீ பென்சிலால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் ‘தேவையற்ற பேச்சு’ என்று குறித்திருக்கிற இடம்:

“வந்துட்டீங்களா? எதுக்கு வந்தீங்க? ஒருத்தருக்குத்தான் காத்து இருக்குன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, காதுல வாங்கினீங்களா? நில்லுங்க, முதல்ல அந்த பூட்ஸைக் கழட்டுங்க. கையுறையை அங்க வைக்காதீங்க, அங்க பேப்பர் இருக்கு. என்ன தேடறீங்க? ஸ்பேனரா? வச்ச இடத்துலதான் இருக்கும், அதுக்கென்ன காலா முளைச்சிருக்கு? இவ்வளவு தூரம் ஸ்பேனருக்காகவா வந்தீங்க? பொய் சொல்றதுன்னா கொஞ்சம் நல்லாவாவது சொல்லக் கூடாதா?”

இந்த இடம் வரும்போது அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: “என்னங்க, உங்க அக்கா வந்திருக்காங்களா? என்கிட்ட சொல்லவே இல்லையே!”

நான் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கூடத்தில் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு, புத்தகத்தை வாங்கி நின்றபடியே அந்த இடத்தைப் படித்தாள். பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா, நீ அந்தப் பெண்ணைத் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். நிஜமாகவே தெரியவில்லையா உனக்கு?

படத்தில் அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விடுவான். புத்தகத்தில் ஸ்பேனர் அவன் கண்ணெதிரே மேஜையில் இருக்கிறது. அவன் எடுக்கவே இல்லை. நின்று அவள் திட்டுவதைக் கேட்கிறான். அதோடு முடிகிறது. இதை நான் எழுதவில்லை. எனக்கு எழுதவும் வராது. தாள் மாறி அடுக்கிவிட்டாரா, தெரிந்தே அடுக்கினாரா என்று இனி யாரைப் போய்க் கேட்பது?

தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர் மட்டும் இருக்கட்டும். கையெழுத்துப் போட்டுப் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். நினைவுநாளில் என்னைப் பேசவிட்டால், அந்த ‘நகல்’ என்ற வார்த்தையை அதே மைக்கில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

புத்தகம் வந்து சேர்ந்தது. பொட்டலத்தைச் சுற்றிய விதம் படுமோசம்.

உன் மனைவியிடம் சொல், நான் அப்படியெல்லாம் பேசுவதில்லை. பேசினாலும் அவ்வளவு வேகமாகப் பேசுவதில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என்னைக் கொண்டுபோய் விண்வெளியில் நிறுத்தி, ஊரார் படிக்கும்படி அச்சிட்டிருக்கிறார். பொங்கிப் பொங்கி வருகிறது. யாரிடம் காட்டுவது? எதிரே நாற்காலிதான் இருக்கிறது.

பிழைகள் பிழைகளாகவே இருக்கட்டும் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். தலைக்கவசம், இரண்டு நிலா, மஞ்சள் உடை எல்லாம் அப்படியே. நினைவுநாளில் நீ பேசலாம். சுருக்கமாகப் பேசு.

அந்த அத்தியாயத்தை நானும் சத்தமாகப் படித்தேன். நன்றாகத்தான் பிடித்திருக்கிறார். ஒரே ஒரு இடத்தில் தவறிவிட்டார். அவள் இரண்டு பக்கத்தில் திட்டி முடித்துவிடுகிறாள். அவர் அப்படித் திரும்பி வந்திருந்தால், நான் அவ்வளவு சீக்கிரம் முடித்திருக்கமாட்டேன்.

அக்கா